எட்டுத் திருகாணிகள்

கேதீஸ்வரனுக்கு நாற்பத்தாறு வயது. அவருடைய ஆசிரியை ஆரணிக்கு முப்பத்தொன்று. ஐந்து வருடமாக இந்த வித்தியாசம் அவர் கண்ணில் பட்டதே இல்லை. மார்ச் மாதம் பரீட்சை முடிவு வந்த பிறகுதான், தன்னைவிடப் பதினைந்து வயது இளைய ஒரு பெண்ணிடம் போய்க் கைகட்டி நின்றோமே என்ற நினைப்பு அவரைப் பிடுங்கித் தின்னத் தொடங்கியது.

சுவிஸ் நாட்டு மலை ஊர் ஒன்றில் அவர் பஸ் சாரதி. இருபத்திரண்டு வருடமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். வளைவுகளில் அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடியைப் பார்த்தால் பயந்தாங்கொள்ளியும் நிம்மதியாகத் தூங்கிவிடுவான். பனிச்சறுக்குப் பலகையோடு வருகிறவர்களைத் தினமும் மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு, தான் மட்டும் வெறும் பஸ்ஸோடு திரும்பி வருவது அவருக்கு அலுத்துப்போயிற்று. நாற்பத்தொரு வயதில் தானும் ஒரு பலகை வாங்கினார்.

ஆரணி அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஊர்ப் பனிச்சறுக்குக் கழகத்தில் பயிற்சி ஆசிரியை. பனியில் அவர் அவளை ரீச்சர் என்பார். பஸ்ஸில் ஏறினால் தங்கச்சி. அவள் இரண்டு இடத்திலும் அண்ணை என்றுதான் சொல்லுவாள்.

முதல் இரண்டு வருடம் விழுந்து எழும்பினார். அடுத்த இரண்டு வருடம் நன்றாகவே சறுக்கினார். பிறகு தானும் ஆசிரியராகவேண்டும் என்ற ஆசை வந்தது. சாதாரண ஆசை அல்ல. பஸ்ஸை விட்டு இறங்கிவிட வேண்டும், கழகத்தின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பனியில் முதல் அடி வைக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே மிச்சக் காலத்தைக் கழிக்கவேண்டும் என்று நினைத்தார். சாப்பாட்டு மேசையில் அதையே பேசிப் பேசி மனைவியின் காது புளித்துப்போயிற்று.

ஆசிரியர் பரீட்சை வருடத்துக்கு ஒருமுறை. பலகையைத் தொட்டே பார்த்திராத ஒருவரை உங்களிடம் ஒப்படைப்பார்கள். ஒரு மணி நேரம் கற்பித்துக் காட்டவேண்டும். அவருக்குக் கிடைத்தவர் கொர்னேலியா, பேக்கரியில் வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண். பரீட்சைக்கு வந்த மற்ற நான்கு பேருடைய ஆட்களும் தொப்புத் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தார்கள். கொர்னேலியா ஒரு தடவைகூட விழவில்லை. சரிவின் மேலிருந்து அடிவரைக்கும் நின்ற நிலையிலேயே வந்து சேர்ந்தார். கேதீஸ்வரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுவர்களைப் பார்த்தார்.

நான்கு பேரும் தேறினார்கள். அவர் தேறவில்லை. படிப்பித்தவரே முடிவை எழுதுவது அந்தக் கழகத்து வழக்கம். எழுதியவள் ஆரணி.

முடிவுக் கடிதத்தை அவர் பஸ் நிலையத்தில் நின்றபடி பிரித்தார். முதல் வரியைப் படித்தார். அப்படியே நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். அன்று தொடக்கம் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தார். தமிழ்க் கடையில் அரிசி வாங்க வந்தவர்களிடம் எல்லாம் கரித்துக் கொட்டினார். வெள்ளைக்காரருக்கு நல்லபிள்ளையாக இருக்கவேண்டி அவள் தன் சொந்தச் சனத்தை வெட்டிவிட்டாள் என்றார். இன்னும் சிலது சொன்னார். அவற்றை இங்கே எழுதவேண்டிய தேவை இல்லை. சொன்னது எல்லாம் ஒன்று விடாமல் ஆரணியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய பஸ் வந்தால் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை கழகத்தில் பலகைகளை எடுத்துவைக்கும் நாள். பனிக்காலம் முடிந்தால் எல்லோரும் தங்கள் பலகையைக் கழுவித் துடைத்து, காலணியைப் பிடித்து வைக்கும் பைண்டிங் இரண்டையும் கழற்றி, அடிப்பாகத்தில் மெழுகு பூசி, கழகத்து நிலவறையில் தங்கள் தங்கள் தட்டில் படுக்க வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த பனிவரை அது அங்கே கிடக்கும். அவரவர் பலகையை அவரவர்தான் செய்யவேண்டும். அந்தக் கழகத்தில் தலைவருக்கும் அந்தச் சட்டம்தான்.

கேதீஸ்வரன் மத்தியானம் தாண்டி, எல்லோரும் போயிருப்பார்கள் என்று தெரிந்தே வந்தார். ஆரணி மட்டும் இருந்தாள். இஸ்திரிப்பெட்டி போன்ற மெழுகுப் பெட்டியால் தன் பலகைக்கு மெழுகு உருக்கிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

பலகையை மேசையில் போட்டார். வைத்தார் என்று சொல்லமுடியாது.

"இதை ஆருக்கெண்டாலும் குடும். எனக்கு இனி வேண்டாம்," என்றார்.

ஐந்து வருடத்தில் அவர் அவளை நீங்கள் என்பதைத் தவிர வேறு விதமாகப் பேசியதில்லை. நீங்களை நீர் ஆக்கிவிட்ட அந்தக் குடும் என்ற சொல் அவளுக்கு உறைத்தது. உறைக்கவேண்டும் என்றுதான் அவரும் சொன்னார்.

ஆரணி மெழுகுப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "குடுக்கிறதெண்டாலும் பைண்டிங்கைக் கழட்டித்தான் வைக்கவேணும், அண்ணை."

"நீரே கழட்டும்."

"இது உங்கட பலகை."

அவர் போவதற்குத் திரும்பினார். கதவுவரை போனார். அங்கே நின்று, ஒரு மாதமாக அரைத்த மாவையே மறுபடி அரைத்தார். ஐந்து வருடம் ஞாயிறு ஞாயிறாக வந்ததைச் சொன்னார். லீவு எல்லாவற்றையும் பனிக்கே கொடுத்ததைச் சொன்னார். கழகத்தில் தன்னைப்போலப் பலகையைக் கவனித்தவன் ஒருத்தனைக் காட்டும் என்றார். கடைசியில், தன் ஆள் மட்டும்தான் அன்றைக்கு விழாமல் வந்தவர் என்றார்.

ஆரணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் பொறுமையாக இல்லை. கன்னம் சிவந்து, தாடை இறுகி நின்றாள்.

"கடையிலை நீங்கள் கதைச்சது என்ர காதுக்கு வந்தது," என்றாள். "எனக்கும் கோவம் இருக்கு. உங்களுக்கும் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். முதல் உந்த ஆணியளைக் கழட்டுங்கோ."

ஸ்குரூ டிரைவரை மேசை விளிம்பில் வைத்துவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

அவர் திரும்பி வந்தது கழற்றுவதற்காக அல்ல. இதைக்கூடச் செய்யாமல் ஓடிவிட்டான் என்று நாளைக்கு இவள் சொல்லக்கூடாது என்பதற்காக. ஒவ்வொரு பைண்டிங்குக்கும் நாலு திருகாணி. முதலாவதில் டிரைவரை வைத்துத் திருகினார். அது அசையவில்லை. உடம்புப் பாரத்தை எல்லாம் கொடுத்து அழுத்தினார். வழுக்கிக்கொண்டு போய் விரல் மேசையில் இடித்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் ஆணித் தலையே மழுங்கத் தொடங்கிற்று. நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாக நின்றது.

"எந்த மடையன் இப்பிடி இறுக்கி வைச்சவன்?" என்று கத்தினார்.

அந்தப் பலகையை அவரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. ஆரணி தலை நிமிரவில்லை. சொட்டுச் சொட்டாக மெழுகு விழுந்துகொண்டிருந்தது.

கத்தி முடித்த பிறகு அவருக்கே அது கேட்டிருக்கவேண்டும். உடனே நியாயம் சொல்லத் தொடங்கினார். போன வருடம் கழகத்து நிலவறை ஈரம் என்று பட்டதால் பலகையை வீட்டுக்குக் கொண்டுபோனாராம். வேட்டியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாராம். கோடை முழுக்க, ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி வெளியே எடுத்துத் துடைத்து, எட்டு ஆணியையும் இன்னும் கால் திருகு இறுக்கிவிட்டுத்தான் உள்ளே தள்ளுவாராம். பனியில் ஒரு நாளாவது ஓர் ஆணி தளர்ந்ததா? தளரவில்லை. பெற்ற பிள்ளையைக்கூட இப்படிக் கவனித்ததில்லை என்று மனைவி பேசினாளாம். இதையெல்லாம் அவர் பெருமையாகச் சொன்னார். சொல்லச் சொல்லக் கோபம் கொஞ்சம் ஏறவும் செய்தது.

"போன வருசம் எல்லாருக்கும் கழட்டி வைக்கச் சொன்னனான்," என்றாள் ஆரணி. "நீங்களும் ஓம் எண்டனீங்கள்."

"ஓம் எண்டனான். கழட்டினா ஆணி துலைஞ்சிடும், துவாரத்துக்கை தூசி போயிடும். எனக்குத் தெரியாதே பலகையைப் பாக்க?"

அவள் மெழுகுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் சூடான கூர்முனையை அசையாத ஆணியின் தலையில் வைத்துப் பிடித்தாள். ஒரு நிமிடம் போனது. எடுத்துவிட்டு, திருகச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவர் திருகினார். கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டு ஆணி அசைந்தது. இப்படியே ஒவ்வொன்றாகப் போயிற்று. அவள் சூடு வைப்பாள், அவர் திருகுவார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எட்டாவது ஆணி வந்ததும் அவள் ஒரு சின்னப் பையை நீட்டினாள். அவர் எட்டையும் அதற்குள் போட்டு முடிச்சுப் போட்டார்.

பைண்டிங்குகளைத் தனியே எடுத்து வைத்தார். ஆரணி பலகையைக் கவிழ்த்தாள். நேராக இருக்கிறதா என்று பார்க்கும் ஓர் உருக்கு அடிமட்டத்தை அதன் அடிப்பாகத்தில் குறுக்காக நிறுத்தி, ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"பாருங்கோ."

அவர் குனிந்து பார்த்தார். மட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் அங்கங்கே வெளிச்சம் தெரிந்தது. விரலால் தடவினார். பள்ளம். இன்னோரிடத்திலும் பள்ளம். கண்ணுக்குத் தெரியாத, விரலுக்கு மட்டும் தெரிகிற பள்ளங்கள்.

இந்தப் பனிக்காலம் முழுக்கப் பலகை இழுத்துக்கொண்டு நின்றது அவருக்கு நினைவு வந்தது. மெழுகு சரியில்லை என்றார், பனி ஈரம் என்றார், ஒரு தடவை பலகை செய்த கொம்பனியையும் திட்டியிருந்தார்.

"நான் ஒரு நாளும் கல்லிலை ஏத்தினதில்லை," என்றார்.

"கல்லு இல்லை."

"அப்ப ஆர் செய்தது?"

ஆரணி பலகையைத் தூக்கி நிறுத்தினாள். மேற்பக்கத்தில் ஆணி இருந்த துவாரத்தில் ஒரு விரலை வைத்தாள். அடிப்பக்கத்தில் பள்ளத்தில் மற்ற விரலை வைத்தாள். இரண்டும் நேருக்கு நேர் இருந்தன. அடுத்த துவாரம், அடுத்த பள்ளம். மூன்றாவதுக்கு அவள் போகவேண்டியிருக்கவில்லை.

மாதம் மாதம் முதலாம் திகதி கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்ற ஒரு மனிதன் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தான். அவனைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது அவருக்கு.

"இது மாறுமோ?" என்று கேட்டார்.

"தெரியாது. சிலது ஒரு கோடை கிடந்தா நிமிரும். சிலது நிமிராது. கழட்டி வைச்சாத்தான் தெரியும்."

அவள் மெழுகுப் பெட்டியை அவரிடம் கொடுத்தாள். அவர் மெழுகுக் கட்டியைச் சூட்டில் பிடித்துச் சொட்டவிட்டு, அடிப்பாகம் முழுக்கத் தேய்த்தார். உருக்கு விளிம்புகளிலும் துருப் பிடிக்காமல் தடவினார். மெழுகு ஆறித் திட்டுத் திட்டாக, அழுக்குப்போல் உறைந்தது. அவருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சுரண்டியை எடுத்து வழித்துப் பளபளப்பாக்கப் போனார்.

"சுரண்டாதேங்கோ. பனி வருமட்டும் அப்பிடியே கிடக்கட்டும்," என்றாள் அவள்.

சுரண்டியைக் கீழே வைத்தார். வைத்த வேகத்தில் கோபம் மறுபடி எழும்பிற்று. இம்முறை அது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து, பழைய இடத்திலேயே போய் நின்றது.

"சரி. பலகையிலை என்ர பிழைதான். நான் ஒத்துக்கொள்ளுறன். கொர்னேலியா? அவ ஒருக்காலும் விழேல்லையே."

"விழேல்லை."

"மற்றவையின்ர ஆக்கள்?"

"விழுந்தவை. ஏழு தரம், எட்டுத் தரம்."

"அப்ப நான் ஏன் ஃபெயில்?"

ஆரணி தன் கையைத் துடைத்துக்கொண்டாள். "விழுந்த அந்த நாலு பேரும் அடுத்த ஞாயிறும் வந்தவை, விழுறதுக்கு. கொர்னேலியா வரேல்லை. ஏன் வரேல்லை எண்டு பேக்கரியிலை போய்க் கேட்டனான். சட்டைக் கையை மடிச்சுக் காட்டினவ."

"காயமோ?" அவர் பதறிப்போனார்.

"உங்கட விரல். நாலும் பதிஞ்சு கிடந்தது. எட்டு நாளாகியும் நீலம் போகேல்லை."

கேதீஸ்வரன் மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். அன்றைக்குச் சரிவின் மேலிருந்து அடிவரைக்கும் கொர்னேலியாவின் முன்கையைப் பிடித்தபடியே பின்பக்கமாக இறங்கி வந்தது ஞாபகம் வந்தது. அந்தப் பெண் ஏதோ சொன்னதும், தான் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்ததும் ஞாபகம் வந்தது. வெட்கம் காதுவரை ஏறிச் சுட்டது.

பிறகு பேசத் தொடங்கினார். முதலாம் வருடம் தான் விழுந்து தோளெலும்பு உடைந்ததைச் சொன்னார். ஆறு கிழமை பஸ் எடுக்கமுடியாமல் வீட்டில் கிடந்ததைச் சொன்னார். பிறகு ஒவ்வொரு முறை பலகையில் ஏறும்போதும் அந்த எலும்பு உடைந்த சத்தம் தனக்குக் கேட்டதைச் சொன்னார். தன்னிடம் வருகிற ஒருவருக்கும் அது நடக்கக்கூடாது என்று சத்தியம் செய்திருந்தாராம். இதை அவர் மனைவியிடமும் சொன்னதில்லை. சொல்லும்போதும் கோபமாகத்தான் சொன்னார். அவருக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

"எனக்கு இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம்தானே?"

"கடிதத்திலை எழுதினனான். ரெண்டு பக்கம்," என்றாள் ஆரணி. "நான் ஒரு இரவு முழுக்க இருந்து எழுதினனான், அண்ணை. வாசிச்சனீங்களோ?"

அவர் பஸ் நிலையத்துக் குப்பைத் தொட்டியை நினைத்தார்.

நிலவறையில் தட்டுகள் எல்லாம் நிரம்பியிருந்தன. அவருடையது மட்டும் வெறுமையாக இருந்தது. ஆரணி அவருடைய பலகையை ஒரு கையால் தூக்கிக்கொண்டாள். யாருக்காவது கொடுக்கவேண்டிய பலகைகள் கதவோரம் அடுக்கியிருந்தன. அவள் கதவோரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் நின்று அவரைப் பார்த்தாள்.

"எங்கை வைக்க?" என்று கேட்டாள்.

"தட்டிலை," என்றார் கேதீஸ்வரன்.

அடுத்த பரீட்சைக்குப் பெயர் கொடுக்கக் கடைசித் திகதி ஜூன் முப்பது. படிப்பித்தவருடைய கையெழுத்து இல்லாமல் எடுக்கமாட்டார்கள். அதைவிட்டால் இன்னும் ஒரு வருடம். அதற்குள் நாற்பத்தெட்டு. ஒரு மாதமாக வேண்டாம் வேண்டாம் என்று கத்திய வாய்க்குள் இவ்வளவு ஆசையும் அப்படியே கிடந்தது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவள் பலகையைத் தட்டில் தள்ளிவிட்டு விளக்கை அணைக்கப் போனாள். அவர் விடவில்லை.

"ரீச்சர், ஜூனிலை கையெழுத்துப் போடுவியளோ? கொர்னேலியாட்டை நானே போய் மன்னிப்புக் கேக்கிறன். கடையிலை கதைச்சதுக்கும் எல்லாருக்கும் முன்னாலை கேக்கிறன். நீங்கள் சொல்லுற மாதிரியே செய்யிறன். இந்த ஒருக்கா மட்டும் போடுங்கோ. போடுவன் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, ரீச்சர்."

அவள் குனிந்து பார்த்தாள்.

"முதல் என்ர கையை விடுங்கோ, அண்ணை."